குடல் எப்போது இயங்கும்? அறுவை முடிவில் தரும் மீட்பு மருந்துகள் பற்றிய ஓர் ஆய்வு

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரிடம் மருத்துவரும் செவிலியரும் மாறி மாறிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காற்று பிரிஞ்சுதா?" அதற்கு "ஆமாம்" என்ற பதில் வரும்வரை பல மருத்துவமனைகளில் சாப்பாடு தள்ளிப்போகும்; வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகும். பெருங்குடலில் அறுவை செய்துகொள்பவர்களில் சுமார் 10 முதல் 30 விழுக்காட்டினருக்குக் குடல் வழக்கத்தைவிட நீண்ட நாட்கள் அசையாமல் கிடக்கிறது. வயிறு உப்புகிறது, குமட்டுகிறது, சிலருக்கு மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் போட வேண்டியிருக்கிறது. படுத்தே கிடப்பதால் சளி கட்டுகிறது, உடல் வலு இழக்கிறது, செலவும் ஏறுகிறது.

இந்தக் குடல் மந்தத்தோடு மயக்கவியல் துறையின் ஒரு கேள்வி கடந்த சில ஆண்டுகளாகப் பிணைந்திருக்கிறது. அறுவை முடியும் தறுவாயில், தளர்த்தி வைத்த தசைகளை மீட்க ஓர் ஊசி போடுகிறார்கள். அது பழைய நியோஸ்டிக்மினா, புதிய சுகமாடெக்ஸா என்பதைப் பொறுத்துக் குடல் விழிக்கும் நேரம் மாறுமா? இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளைப் படித்தபின் என் முடிவு இது: தாக்கம் இருக்கிறது, ஆனால் அது மணிக்கணக்கில் அளக்க வேண்டிய தாக்கம். குடல் மந்தமோ நாட்கணக்கில் நீடிப்பது. இந்த அளவு வேறுபாட்டை மறந்தால் நோயாளிக்கு உண்மையில் உதவக்கூடிய வேறு பல காரியங்கள் கவனத்திலிருந்து நழுவிவிடும்.

எதை மீட்கிறோம்?

பொது மயக்கம் என்பது ஒரே மருந்தின் வேலை இல்லை. தூங்க வைக்க ஒன்று, வலி தெரியாமலிருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று என மூன்று வேலைகளுக்கு மூன்று வகை மருந்துகள் சேர்கின்றன. தூக்கம் தரும் வாயுவும் புரோபோஃபோலும் நிறுத்தியதும் தாமாகவே உடலில் குறைந்துவிடும். "மயக்கம் தெளிய ஊசி போட்டார்கள்" என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் தசைத்தளர்த்தியை முறிக்கும் மருந்தைத்தான். தண்டுவடத்தில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியன் போன்ற அறுவைகளில் தசைத்தளர்த்தியே தருவதில்லை என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை.

தசைத்தளர்த்தியின் கதை தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்புகளில் தடவிய குராரே நஞ்சிலிருந்து தொடங்குகிறது. 1942 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் அதை மயக்க சிகிச்சையில் பயன்படுத்தினார்கள். அதன்பின் வயிற்றைத் திறக்க ஆழ்ந்த ஈதர் மயக்கம் தேவைப்படாமல் போனது. இன்று அந்த இடத்தில் ரோகுரோனியம், வெகுரோனியம், அட்ராகுரியம் போன்றவை இருக்கின்றன.

தளர்த்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கட்டைவிரல் சொல்லும். மணிக்கட்டின் உட்புறம் ஓடும் நரம்பின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, அரை நொடி இடைவெளியில் நான்கு மின்துடிப்புகளைச் செலுத்துவார்கள். மருந்து முழு வீச்சில் இருந்தால் விரல் அசையாது. வீரியம் குறையக் குறைய முதலில் ஒரு துடிப்பு, பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று திரும்பும். நான்காவது துடிப்பின் வலு முதல் துடிப்பின் வலுவில் 0.9 பங்கையாவது எட்டிய பிறகே மூச்சுக்குழாயை எடுப்பது பாதுகாப்பு. அந்த நிலைக்கு நோயாளியைக் கொண்டுவருவதுதான் மீட்பு மருந்தின் வேலை. குடலை இயக்குவது அதன் நோக்கத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. குடலில் நிகழ்வது பக்க விளைவு மட்டுமே.

ஒரே இலக்கு, இரு வேறு வழிகள்

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. ரோகுரோனியம் போன்ற மருந்துகள் தசையில் அது வந்து அமரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இதை முறிக்க நியோஸ்டிக்மின் தேர்ந்தெடுத்த வழி போட்டியைக் கூட்டுவது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் அசிட்டைல்கோலின் பெருகி, அடைத்திருக்கும் மருந்தை அப்புறப்படுத்துகிறது. இதே வகையைச் சேர்ந்த ஃபைசோஸ்டிக்மின் குராரேயை முறிக்கிறது என்பதை வியன்னாவில் யாக்கப் பால் 1900இலேயே கண்டிருந்தார். நியோஸ்டிக்மின் 1930களின் தொடக்கத்தில் வந்தது.

சிக்கல் எங்கே என்றால், அசிட்டைல்கோலின் கைகால் தசைகளுக்கு மட்டும் உரியதன்று. இதயத்திலும், எச்சில் சுரப்பியிலும், மூச்சுக்கிளைகளிலும், குடல் சுவரிலும் அது வேலை செய்கிறது. அதைப் பெருக்கினால் நாடி இறங்கும், எச்சில் ஊறும், குடல் சுருங்கும். அதனால் நியோஸ்டிக்மினைத் தனியாகத் தருவதில்லை. கிளைகோபைரோலேட் அல்லது அட்ரோபினைச் சேர்த்தே தருகிறார்கள். இந்திய அறுவை அரங்குகளில் 2.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மினும் 0.5 மில்லிகிராம் கிளைகோபைரோலேட்டும் ஒன்றாகக் கலந்த 5 மில்லிலிட்டர் ஆம்பூல் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று குடலை முடுக்கும், மற்றது அடக்கும். எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு மருந்துகள் ஒரே ஊசியில் ஏறுகின்றன.

சுகமாடெக்ஸ் பாதையையே மாற்றியது. ஸ்காட்லாந்தில் ஆர்கனான் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆன்டன் பாம் உள்ளிட்டோர் உருவாக்கிய இந்தச் சர்க்கரை வகை மூலக்கூறு, உளுந்து வடையைப் போல நடுவில் குழிவுள்ளது. ரோகுரோனியம் அல்லது வெகுரோனியத்தின் மூலக்கூறை அந்தக் குழிவுக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டு, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. அசிட்டைல்கோலினை அது தொடுவதே இல்லை. ஆகவே கூடவே கிளைகோபைரோலேட்டும் தேவையில்லை. அட்ராகுரியத்தின் மீது அதற்குப் பிடி கிடையாது. ஐரோப்பாவில் 2008இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வாமை குறித்த கேள்விகளால் அமெரிக்காவில் 2015 டிசம்பர்வரை தாமதமானது.

வேகத்தில் இரண்டும் நிகரில்லை. 41 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, இரண்டாவது துடிப்பு திரும்பிய நிலையிலிருந்து தசை மீள நியோஸ்டிக்மினுக்குச் சராசரியாக 12.87 நிமிடம் ஆனது, சுகமாடெக்ஸுக்கு 1.96 நிமிடம் போதுமாக இருந்தது. குமட்டலும் வாந்தியும் சுகமாடெக்ஸ் பெற்றவர்களிடம் குறைவு.

குடலின் பக்கத்திலிருந்து பார்த்தால்

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தசைத்தளர்த்தி கொடுத்ததால்தான் குடலும் தளர்ந்து நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குடல் சுவரில் இருப்பது மென்தசை. கைகால்களில் உள்ள எலும்புத் தசையின் ஏற்பிகள் வேறு, குடலின் ஏற்பிகள் வேறு. ரோகுரோனியம் குடலை நிறுத்துவதில்லை. அதனால் ரோகுரோனியத்தை அப்புறப்படுத்துவதால் மட்டும் குடல் ஓடத் தொடங்குவதும் இல்லை. சுகமாடெக்ஸ் குடலை நேரடியாக முடுக்கும் என்று எதிர்பார்க்க உடலியலில் அடிப்படை இல்லை.

நியோஸ்டிக்மினின் நிலை வேறு. அது குடலை முடுக்கும் என்பதற்கு மிக வலுவான சான்று அறுவை அரங்குக்கு வெளியிலிருந்து வந்தது. வில்லியம் ஓகில்வி 1948இல் விவரித்த ஒரு நோயில், எந்த அடைப்பும் இல்லாமலேயே பெருங்குடல் பலூன்போல ஊதிப்போகும். கவனிக்காவிட்டால் வெடிக்கவும் கூடும். 1999இல் சியாட்டிலைச் சேர்ந்த போனெக்கும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய 21 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 11 பேருக்கு 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மின் சிரை வழியே ஏறியது. 10 பேருக்கு உப்புநீர் மட்டும். மருந்து பெற்ற 11 பேரில் 10 பேருக்கு வயிற்று உப்பல் இறங்கியது. அவர்களில் பாதிப்பேருக்கு நான்கு நிமிடங்களுக்குள்ளாகவே பலன் தெரிந்தது. உப்புநீர் பெற்ற ஒருவருக்கும் பலனில்லை. நாடி ஆபத்தாக இறங்கினால் கொடுக்க அட்ரோபின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது.

இந்த வெற்றியை அறுவை முடிவில் தரும் ஊசிக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே கொடுத்தது நியோஸ்டிக்மினைத் தனியாக, இங்கே கிளைகோபைரோலேட்டுடன். நியோஸ்டிக்மினின் வீரியம் ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும். கிளைகோபைரோலேட் இதயத்தின் மேல் இரண்டு, மூன்று மணி நேரமும், சுரப்பிகளை உலர்த்துவதில் ஏழு மணி நேரம் வரையிலும் செயல்படும். அப்படியானால் முதலில் குடலில் சிறு முடுக்கமும், பின்னர் சில மணி நேரம் அடக்கமும் நிகழலாம். இதை வைத்து நியோஸ்டிக்மின் குடலுக்கு நல்லது என்றும் வாதிடலாம். கூட வரும் மருந்தால் கெடுதல் என்றும் வாதிடலாம். கோட்பாடு இரு பக்கமும் சாய்வதால், மனிதர்களில் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

துருக்கியில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு தைராய்டு அறுவை செய்துகொண்ட 72 பேரை எடுத்துக்கொண்டது. தைராய்டைத் தேர்ந்தது நல்ல யோசனை. வயிற்றில் கை வைக்காத அறுவை என்பதால் மருந்தின் தாக்கத்தைத் தனியே பார்க்கலாம். சுகமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு முதல் காற்று சற்று முன்னதாகப் பிரிந்தது. மலம் கழித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடக்கும் மருந்து இல்லாததால் தொடக்கத்தில் சிறு அனுகூலம், நாள் முடிவதற்குள் அது மறைந்துவிடுகிறது என்று இதை வாசிக்கலாம்.

வயிற்று அறுவைகளில் படம் கலங்கலாக இருக்கிறது. பெருங்குடல் அறுவை பெற்றவர்களின் மருத்துவக் கோப்புகளைப் புரட்டிச் செய்த பின்னோக்கிய ஆய்வுகளில் சில, சுகமாடெக்ஸ் பெற்றவர்கள் முன்னதாக மலம் கழித்ததாகச் சொல்கின்றன. வேறு சில வேறுபாடே காணவில்லை. இவற்றின் நம்பகத்தன்மையை எடைபோடும்போது நான்கு குறைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, காலம். ஒரு மருத்துவமனையில் சுகமாடெக்ஸ் நுழைந்த ஆண்டுகளும், சீக்கிரம் நடக்க வைத்துச் சீக்கிரம் சாப்பிடக் கொடுக்கும் புதிய நடைமுறைகள் நுழைந்த ஆண்டுகளும் பெரும்பாலும் ஒன்றே. "முன்பு", "பின்பு" என்று ஒப்பிடும்போது மருந்துக்குச் சேரும் புகழில் ஒரு பங்கு அந்த நடைமுறைகளுக்கு உரியது. இரண்டாவது, வலி மருந்து. மார்ஃபின் வகை மருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கில்லாமல் குடல் கணக்கு நிற்காது. மூன்றாவது, அளவுகோல். காற்று பிரிந்த நேரம் நோயாளி கவனித்துச் சொல்வதைப் பொறுத்தது. இரவில் தூக்கத்தில் பிரிந்தால் யார் குறித்துக்கொள்வது? அதனால்தான் திட உணவு தங்குவதையும் மலம் கழிவதையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டு அளவுகோலை அண்மைய ஆய்வுகள் விரும்புகின்றன. நான்காவது, அறுவையின் தன்மை. பித்தப்பையை எடுப்பதும் மலக்குடல் புற்றை அகற்றுவதும் குடலுக்கு ஒரே அதிர்ச்சி இல்லை.

குடல் நிற்பதற்கான பெரிய காரணங்கள்

1906இலேயே வால்டர் கேனனும் மர்ஃபியும் பூனைகளுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் உணவைக் கொடுத்துக் குடலின் அசைவைப் பார்த்தார்கள். ஈதர் மயக்கம் மட்டும் கொடுத்தபோது தாமதம் சிறிதே. குடலைக் கையால் தொட்டுக் கையாண்டபோதோ அசைவு நின்றுபோனது. மயக்கத்தைவிடக் கையாளுதலே பெரிய காரணம் என்ற அந்த முடிவு நூறாண்டுக்குப் பின்னும் நிலைத்திருக்கிறது.

காரணத்தையும் இன்று விளக்க முடிகிறது. வயிற்றைக் கீறியதும் தண்டுவடம் வழியாக ஓர் அனிச்சைக் கட்டளை குடலை நிறுத்துகிறது. இது சில மணி நேரம். பிறகு, தொட்டுப் புரட்டப்பட்ட குடல் சுவரின் தசையடுக்கில் உறங்கிக் கிடக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. தசையின் சுருக்கம் குன்றுகிறது. இந்த இரண்டாம் கட்டம்தான் நாட்கணக்கில் நீடிக்கிறது. சிறுகுடல் முதல் நாளிலேயே அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்று இரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இதன்மேல் மார்ஃபின் வகை மருந்துகள் குடலில் உள்ள தம் ஏற்பிகளில் அமர்ந்து அசைவை மேலும் முடக்குகின்றன.

இப்போது அளவுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். வயிற்று அறுவையில் மார்ஃபின் வகைகளுக்குப் பதிலாக முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்தைச் செலுத்தினால், காற்று பிரிவது சுமார் 17 மணி நேரம் முன்னதாகிறது என்று காக்ரேன் தொகுப்பு காட்டியது. நாட்டிங்ஹாமில் திலீப் லோபோவும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அறுவைக்குப் பின் வழக்கப்படி தாராளமாக உப்புநீர் ஏற்றப்பட்டவர்களுக்கு, அளவோடு ஏற்றப்பட்டவர்களைவிடக் காற்று ஒரு நாளும் மலம் இரண்டரை நாளும் தாமதமாயின. ஹைடல்பெர்க்கில் 2012இல் 80 பேரிடம் செய்த சோதனையில், தினம் மூன்று வேளை காபி குடித்தவர்கள் சராசரியாக 60.4 மணி நேரத்தில் மலம் கழித்தார்கள். வெந்நீர் குடித்தவர்களுக்கு 74 மணி நேரம் ஆனது. இந்த எண்களுக்குப் பக்கத்தில் மீட்பு மருந்தின் பங்கை வைத்தால் அதன் உருவம் சுருங்கிவிடுகிறது.

நல்ல கோட்பாடு எப்போதும் நல்ல பலனைத் தருவதில்லை என்பதற்கும் இத்துறையில் சாட்சி இருக்கிறது. லிடோகெய்னைச் சிரை வழியே செலுத்தினால் குடல் சீக்கிரம் விழிக்கும் என்று சிறிய ஆய்வுகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. பிரிட்டனில் 590 பேரிடம் செய்த அலெக்ரோ சோதனையின் முடிவு வந்தபோது, பலன் எதுவும் தெரியவில்லை. மீட்பு மருந்துகள் பற்றிய சிறிய ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை உடனிருக்க வேண்டும்.

தையல் பிரியுமா என்ற பழைய அச்சம்

நியோஸ்டிக்மின் குடலைச் சுருக்குவதால் புதிதாக இணைத்த குடல் முனைகள் பிரிந்துவிடாதா? 1968இல் பெல்லும் லூயிஸும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கவலையை எழுப்பினார்கள். குடல் அறுவை செய்பவர்கள் சிலர் அதை நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே தையல் முறையும் ஸ்டேப்லர் கருவிகளும் மயக்க முறையும் வெகுவாக மாறிவிட்டன. இணைப்பு நிலைப்பதை முதலில் தீர்மானிப்பவை அந்த முனைகளுக்கான ரத்த ஓட்டம், இழுவிசை இன்மை, நோயாளியின் ஊட்டம், புகைப்பழக்கம் ஆகியவை. குடலில் உண்மையான அடைப்போ வயிற்றுச் சவ்வில் சீழ்ப்பிடிப்போ இருந்தால் நியோஸ்டிக்மினைத் தவிர்க்க வேண்டும் என்பது மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அது தெளிவான விதி.

குடலுக்கென்றே ஒரு மருந்து

நியோஸ்டிக்மினின் உறவினரான பிரிடோஸ்டிக்மினை, அறுவைக்குப் பிந்தைய நாட்களில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்கள். பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் அவர்கள் செய்த சோதனை நம்பிக்கை தருகிறது. இதன் தர்க்கம் எனக்கு ஏற்புடையது: மந்தம் நாட்கணக்கில் என்றால் மருந்தும் நாட்கணக்கில் இருக்க வேண்டும், அடக்கும் மருந்தின் கலப்பும் கூடாது.

மார்ஃபின் வகையை முறிக்கும் நலோக்ஸோனை ஊசியாகக் கொடுத்தால் குடலோடு சேர்த்து வலி நிவாரணமும் முறிந்துவிடும். அதனால் மூளைக்குள் நுழையாமல் குடலில் மட்டும் முறிக்கும் ஆல்விமோபன் அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது. நீண்ட காலப் பயன்பாட்டில் மாரடைப்பு பற்றிய ஐயம் இருப்பதால் மருத்துவமனைக்குள் 15 வேளைக்கு மேல் தரக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. அதே நோக்கத்தோடு வந்த மெதில்நால்ட்ரெக்ஸோன் ஊசி, குடல் அறுவை நோயாளிகளிடம் செய்த பெரிய சோதனைகளில் பலன் காட்டவில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மீட்பு மருந்தைத் தேர்வதற்குக் குடலைவிட மேலான காரணம் மூச்சு. தளர்த்தி சிறிது மிச்சமிருந்தாலும் தொண்டைத் தசைகளின் ஒத்திசைவு கெடுகிறது. விழுங்குவது மூச்சுப்பாதைக்குள் இறங்கும் ஆபத்து கூடுகிறது. சீக்கிரம் சாப்பிட வைப்பதே குடலுக்கான முதல் வைத்தியம் என்று சொல்லும் இக்காலத்தில், பாதுகாப்பாக விழுங்க முடியாத தொண்டையோடு ஒருவரை வார்டுக்கு அனுப்புவது முரண். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டைவிரலில் கருவி வைத்து எண்ணாக அளக்கச் சொல்கிறது. தளர்த்தி மிச்சமிருந்தால் நியோஸ்டிக்மினைவிடச் சுகமாடெக்ஸைப் பரிந்துரைக்கிறது. தளர்த்தி மிகக் குறைவாக இருக்கும் நிலையில் நியோஸ்டிக்மினும் ஏற்கத்தக்கதே என்கிறது. அமெரிக்காவின் 12 மருத்துவமனைகளில் 45,000க்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வில், சுகமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்தன.

சுகமாடெக்ஸுக்கும் குறைகள் உண்டு. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். சிறுநீரகம் வெகுவாகப் பழுதுபட்டவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. கருத்தடை மாத்திரையின் ஹார்மோனையும் அது பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஊசிக்குப் பின் 7 நாட்கள் வேறு கருத்தடை முறையும் தேவை. அந்த மாத்திரை எடுக்கும் பெண்களிடம் இதை எடுத்துச் சொல்வது மயக்கவியல் நிபுணரின் கடமை; வீடு திரும்பும் சீட்டிலும் எழுதித்தர வேண்டும்.

முடிவாக

சுகமாடெக்ஸ் கிடைக்காத மருத்துவமனையில் நியோஸ்டிக்மின் பெற்றதால் தம் குடல் முடங்கிவிட்டது என்று எந்த நோயாளியும் வருந்த வேண்டியதில்லை. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கலப்பு ஆம்பூலை விரல் துடிப்பை அளந்து, உரிய நேரத்தில், உரிய அளவில் கொடுத்தால் அது இன்றும் நல்ல மருந்துதான். விலை உயர்ந்த மருந்து வாங்கிவிட்டதால் குடல் தானே பார்த்துக்கொள்ளும் என்று எந்த மருத்துவமனையும் ஓய்ந்துவிடவும் கூடாது.

குடலுக்குச் செய்ய வேண்டியவை தெரிந்தவையே. இயன்ற இடத்தில் லேப்ராஸ்கோபி, குடலை மென்மையாகக் கையாளுதல், மரப்பு ஊசிகளையும் பாராசிட்டமாலையும் முன்னிறுத்தி மார்ஃபின் வகையைக் குறைத்தல், உப்புநீரை அளந்து ஏற்றுதல், முதல் நாளே கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைத்தல், காற்றுக்காகக் காத்திராமல் சிறிது சிறிதாக உணவு தருதல். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் இவற்றை ஒரு கட்டாகச் சேர்த்துக் காட்டியபின், பெருங்குடல் அறுவை நோயாளிகள் வீடு திரும்பும் நாள் வெகுவாகக் குறைந்தது. இவற்றில் பலவற்றுக்குப் புது மருந்தோ பெரிய செலவோ வேண்டாம். ஒழுங்கும் ஆட்களும் வேண்டும்.

ஆய்வாளர்கள் செய்ய வேண்டியது வேறு. இரண்டு மீட்பு மருந்துகளையும் வயிற்று அறுவையில் ஒப்பிட, போதிய எண்ணிக்கையுள்ள, குலுக்கல் முறையில் பிரித்த சோதனை தேவை. அதில் மார்ஃபின் கணக்கு, உப்புநீர்க் கணக்கு, விரல் துடிப்பின் அளவு மூன்றும் பதிவாக வேண்டும். திட உணவும் மலமும் சேர்ந்த அளவுகோலே இறுதி விடையாக இருக்க வேண்டும். அப்படியொரு சோதனை வரும்வரை நேர்மையான நிலைப்பாடு ஒன்றுதான்: மீட்பு மருந்தை நோயாளியின் மூச்சுக்காகத் தேர்ந்தெடுங்கள், குடலுக்கான உழைப்பை அறுவைக்கு முன்பே தொடங்கி, நோயாளி வீடு திரும்பும் நாள்வரை தொடருங்கள்.